தறி நின்றது ஏன்? முதலில் எங்கள் ஓடர் புத்தகத்தைத் திறப்போம்



நோன்புப் பெருநாள் சரக்குக்கு ஓடர் கொடுப்பதற்காகச் சென்ற மாதம் மருதமுனைக்குப் போயிருந்தேன். காத்தான்குடியில் பஸ் ஏறினால் ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, பெரியநீலாவணை என்று ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகப் பாதை போகும். இருபத்தைந்து வருடமாக நான் சாரன் வாங்கும் ஒரு காக்காவின் வீடு அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த வளவுக்குள் கால் வைக்கும் முன்பே தறிச் சத்தம் காதில் விழும். ஆறு தறிகள் ஓடிய இடம். இம்முறை ஒன்றுதான் ஓடியது. மற்றவற்றின் மேல் விறகும் பழைய சைக்கிள் டயரும் கிடந்தன.

வழக்கம்போல என் பையிலிருந்து சாம்பிள் துண்டை எடுத்து வைத்தேன். காக்கா அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

“தம்பி, இந்தத் துண்டை நீங்க கொண்டு வந்துதான் நான் பார்க்கணுமா? கண்ணை மூடிட்டே நெய்வேன். இருபது வருசமா இதே கட்டம், இதே கரை. மகன் கேட்கிறான், வாப்பா இதில படிக்கிறதுக்கு என்ன இருக்கு என்று. நான் என்ன சொல்ல?”

அந்த மகன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். நல்ல கைகாரன். பதினைந்து வயதில் பாவில் இழை அறுந்தால் தடவிப் பார்த்தே கண்டுபிடிப்பான். அவனும் போய்விட்டான், அவனுக்குப் பின் அந்த வீட்டில் தறியில் உட்கார ஆளில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் மனதில் ஓடியது. ‘நீங்க கொண்டு வந்துதான்.’ கைத்தறி ஏன் அழிகிறது என்று எங்கள் கடைத் தெருவில் பேசாத நாளில்லை. பொடியன்மாருக்கு உடம்பு வளையவில்லை என்போம். இந்தியச் சரக்கு மலிவு என்போம். அரசாங்கம் நூல் தரவில்லை என்போம். எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நெசவாளிக்கு இருபது வருடம் ஒரே துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? நான்தான். என்னைப் போன்ற நீங்களும்தான். இந்த வாரம் அதைப் பற்றி எழுதப் போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேட்காமலே விற்ற காலம்

1970 முதல் 1977 வரை இந்த நாட்டில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது எங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுத் துணி வராது. தறியிலிருந்து இறங்குவது எதுவோ அதுதான் சரக்கு. காத்தான்குடியிலும் தறிச் சத்தம் கேட்ட தெருக்கள் இருந்தன. மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறி. வாப்பா சொல்வார், வியாபாரி கடை வாசலில் நிற்கத் தேவையில்லை, துணி தன் காலாலே நடந்து போகும் என்று.

1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. துறைமுகக் கதவு திறந்ததும் வெளிநாட்டுத் துணி வெள்ளம்போல வந்து இறங்கியது. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. புறக்கோட்டையிலிருந்து வாப்பா கொண்டு வந்த மினுமினுத்த துணியை உம்மா தடவித் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு தறியாக நின்றது.

கைத்தறியைத் திறந்த பொருளாதாரம் கொன்றது என்று எழுதிவிடலாம். ஆனால் நான் வேறொன்றும் நினைக்கிறேன். மூடியிருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. வாங்குகிறவனிடம் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்கிற வாயை மறந்துபோனோம். கேட்காமலே விற்றுப் பழகினோம். கதவு திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை அடி! யுத்தம் முடியும்வரை பாதை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நான் சொன்ன அந்தக் காக்காவின் ஆறு தறிகளில் நான்கைக் கடல் கொண்டுபோனது. பிறகு உதவியாகப் புதுத் தறிகள் கிடைத்தன, அல்ஹம்துலில்லாஹ். புதுத் தறியில் அவர் என்ன நெய்தார்? நான் கொண்டுபோன பழைய துண்டைத்தான். எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க ஒரு சந்தர்ப்பம் வந்தபோதும் எங்கள் ஓடர் மாறவில்லை.

2022இல் இன்னொரு சந்தர்ப்பம். வருடத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, சில மாதங்களில் 360 வரை ஏறியது. இறக்குமதிச் சாரனின் விலையும் கூடவே ஏறியது. உள்ளூர்ச் சரக்குக்கு நல்ல இடம் கிடைத்திருக்க வேண்டும். நூலும் வெளியிலிருந்துதான் வருகிறது, அதுவும் ஏறியது உண்மை. ஆனால் கூலியை எங்கள் ஊரிலேயே கொடுக்கிற சரக்கு அது. அப்போது நாங்கள் செய்தது என்ன? பழைய சாரனில் புது விலையை ஒட்டினோம். அவ்வளவுதான்.

சாரனில் இருக்கும் ஓர் ஊரின் பெயர்

நாங்கள் தினமும் வாயில் சொல்லும் ஒரு சொல் இருக்கிறது, ‘பளையகாட் சாரன்’. அது என்ன சொல் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்?

அது ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் பழவேற்காடு என்று ஓர் ஊர். வெள்ளைக்காரர் வாயில் அது ‘புலிக்காட்’ ஆனது. எங்கள் மட்டக்களப்பைப் போலவே பெரிய வாவி உள்ள ஊர். முஸ்லிம்கள் பழைய காலம் தொட்டு வாழும் ஊர். 1613இல் ஒல்லாந்தர் அங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறிய கட்டம் போட்ட துணி கிழக்கே ஜாவா, மலாயா வரைக்கும் போனது. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட சாரனுக்கு ‘காயின் பெலெக்காட்’ என்றுதான் பெயர். அதுவும் இந்த ஊர்ப் பெயரே.

இன்று பழவேற்காடு எதற்குப் பெயர்போனது? ஏரிக்கு, மீனுக்கு, இறாலுக்கு, பறவைகளுக்கு. அந்தப் பெயரில் சாரன் விற்கும் நாங்கள் பல பேர் அப்படி ஓர் ஊர் இருப்பதையே அறியோம். பெயர் கடல் கடந்து வாழ்கிறது. தொழில் வேறு ஊர்களுக்குப் போய்விட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘மருதமுனைச் சாரன்’ என்ற பெயர் இருக்கிறது, அதனால் மருதமுனையில் தொழிலும் இருக்கும் என்று நினைக்கிறோம். பெயரும் தொழிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. நாளைக்கு வேறெங்கோ விசைத்தறியில் நெய்த துணியில் ‘மருதமுனை’ என்று லேபல் ஒட்டி எங்கள் கடையிலேயே விற்பார்கள். விற்கிறவன் நானாகவும் இருக்கலாம்.

நான் செய்த ஒரு தவறு

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஓர் இளம் நெசவாளி என் கடைக்கு வந்தான். கையில் ஒரு பொட்டலம். பிரித்துக் காட்டினான். மேசை விரிப்பு, தலையணை உறை. மாலை நேரத்து வாவியின் நிறங்கள், ஈயக் கலரும் செம்மஞ்சளும் கலந்து. அழகாகத்தான் இருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “இதை எங்கட ஆக்கள் யார் வாங்குவாங்க?”

அவன் சொன்னான், “கடன் இல்லாம பத்துத் துண்டு மட்டும் எடுங்க காக்கா. ஓடாட்டி நான் திருப்பி எடுக்கிறேன்.” நான் எடுக்கவில்லை. “தம்பி, இது ஓடாது. சாரனைக் கொண்டு வா, எத்தனை என்றாலும் எடுக்கிறேன்” என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். நல்ல அறிவுரை சொன்னதாக எனக்குப் பெருமை வேறு.

இரண்டு வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு கடையில் அதே மாதிரி விரிப்பைக் கண்டேன். நான் கொடுத்திருக்கக்கூடிய விலையைப் போல ஐந்து மடங்கு. அவன் நெய்ததுதானா என்று தெரியாது. அவன் பிறகு என் கடைப் பக்கம் வரவில்லை. மருதமுனையில் விசாரித்தேன். நெசவை விட்டு முச்சக்கரவண்டி ஓடுகிறான் என்றார்கள்.

‘ஓடாது’ என்ற ஒரு சொல்லில் நான் எவ்வளவை நிறுத்தினேன் என்று இன்றைக்கும் கணக்குப் பார்க்க முடியவில்லை.

அதே தறி, அதே நூல்

மாற்றம் என்றால் தறியைத் தூக்கி எறிந்துவிட்டு மெஷின் போடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். நடந்த கதைகள் அப்படிச் சொல்லவில்லை.

கொழும்பு காலி வீதியில் ‘பெயார்புட்’ என்ற கடையைக் கண்டிருப்பீர்கள். பார்பரா சன்சோனி என்ற அம்மையார் 1964இல் தொடங்கியது. கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையத்துப் பெண்களுக்கு டிசைன் செய்து கொடுக்கப் போனதில்தான் அவருடைய நெசவு வேலை ஆரம்பமானது. அவர் 2022இல் காலமானார். கடை இன்றும் நடக்கிறது. 1977இல் கதவு திறந்தபோது எங்கள் தறிகளை அடித்த அதே வெள்ளம் அவர்கள் வாசலுக்கும் வந்ததுதான். அவர்களிடம் இருந்ததும் கைத்தறிதான், பருத்தி நூல்தான். நிறத்தை மாற்றினார்கள். பயனை மாற்றினார்கள். சாரியும் சாரனும் நெய்கிற துணியில் பை, பொம்மை, திரைச்சீலை, மெத்தை உறை எல்லாம் வந்தன.

இன்னொரு கதை. 1950களின் கடைசியில் சென்னைப் பக்கத்துக் கட்டத் துணி அமெரிக்காவுக்குப் போனது. நாங்கள் இடுப்பில் கட்டுகிற மாதிரித் துணி. அங்கே புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடை அதைச் சட்டையாகத் தைத்து விற்றது. கழுவியதும் சாயம் இறங்கிவிட்டது. வழக்கு வரைக்கும் பேச்சுப் போனதாம். கடைசியில், கழுவக் கழுவ நிறம் மாறும் துணி இது என்று அந்தக் குறையையே விளம்பரமாக்கி விற்றார்கள். அது அங்கே நாகரிகமாகவே ஆகிவிட்டது. துணியை அனுப்பிய கிருஷ்ணன் நாயர் பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கினார். கேட்டால் நம்ப முடியாத கதை, ஆனால் துணி வியாபாரத்தில் பேர்போன கதை.

சாயம் இறங்கினால் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. எங்கள் கடையில் சாயம் இறங்கினால் வாடிக்கையாளர் துணியை முகத்தில் எறிவார், அது சரிதான். நான் பார்ப்பது வேறு. எங்கள் கண்ணுக்குச் சாரனாகவே தெரிந்த துணி இன்னொருவர் கண்ணுக்குச் சட்டையாகத் தெரிந்திருக்கிறது. தறி மாறவில்லை. பார்த்த கண் மாறியது.

நெசவாளி ஏன் தானாக மாற்றுவதில்லை?

‘அப்படியானால் அவர்களே புதிதாக நெய்து கொண்டு வரட்டுமே’ என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். காக்கா விளக்கிய பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.

தறியில் நீளவாக்கில் போவது பாவு. குறுக்கே நாடா கொண்டுபோகும் நூல் ஊடை. ஒரு பாவு முடிந்ததும், அதே டிசைன் என்றால் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாகப் பிணைத்துவிட்டு நெய்யத் தொடங்கலாம். கட்டத்தை மாற்ற வேண்டும் என்றால் நிறம் பிரித்து, எண்ணி, பாவை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அகலமும் நெருக்கமும் மாறினால் ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாக விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும். நாள்கணக்கில் வேலை. அந்த நாட்களில் ஒரு துண்டும் இறங்காது. எங்களுடைய கூலிக் கணக்கோ துண்டுக் கணக்கு. துண்டு இறங்கவில்லை என்றால் கூலி இல்லை. கூலி இல்லாத நாளில் அந்த வீட்டு அடுப்பு என்ன செய்யும்?

ஆக, பழைய டிசைனைத் திரும்பத் திரும்ப நெய்வது சோம்பலால் அல்ல. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் நட்டத்தை முழுவதுமாக அவர் தலையில் வைத்துவிட்டு, ஓடினால் இலாபத்தில் பங்குக்கு மட்டும் நாங்கள் வருகிறோம். இப்படி ஒரு கணக்கில் எந்த மனிதன் புதிதாக யோசிப்பான்?

அதற்கு ஒரு வழியையும் காக்காவே சொன்னார். “தம்பி, பாவு அப்படியே கிடக்கட்டும். ஊடையை மாத்திப் பாருங்க. நாடாவில வேற கலர் போட்டா அரை நாளில வேற துணி.” செலவு குறைந்த மாற்றம். இது தறிக்கு மட்டும் பொருந்துகிற பேச்சாக எனக்குப் படவில்லை. எங்கள் வியாபாரத்திலும் சில விஷயங்கள் பாவு. அளவு, நூலின் தரம், சாயத்தின் உறுதி, சொன்ன தவணை. அவற்றில் கை வைத்தால் துணியே இல்லை. மற்றதெல்லாம் ஊடை. அதை மாற்றப் பயப்படத் தேவையில்லை.

பக்கத்துக் கடையைப் பார்த்து மாறுவது

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020இல் கொரோனா வந்து கடைகள் பூட்டியிருந்த பிறகு எங்கள் தெருவில் எல்லோரும் மாற வேண்டும் என்றார்கள். மாறினார்கள். ஒருவர் போன் கவர் விற்றார், அடுத்த மாதம் அதே வரிசையில் ஐந்து கடை போன் கவர் விற்றது. ஒருவர் அபாயா கடை போட்டார், பின்னாலேயே நாலு கடை. ஒரு வருடத்தில் பாதிப் பேர் பூட்டினார்கள். பக்கத்துக் கடையைப் பார்த்துச் செய்வதும் தேங்கி நிற்பதுதான். நாங்கள் கண்ணைத் திருப்பிப் பார்க்க வேண்டியது வாங்குகிறவனை.

வாப்பா அந்தக் காலத்தில் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டி, மண்முனைத்துறையில் பாதையில் ஏறிப் படுவான்கரைக்குப் போவார். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வீடுகளில் அறுவடைக்குக் காசு தருவதாகச் சொல்லி வாங்குவார்கள். 2014இல் மண்முனையில் பாலம் திறந்தது. படுவான்கரை மக்கள் தாங்களே மோட்டார் சைக்கிளில் டவுனுக்கு வந்து பத்துக் கடை ஏறி இறங்கி வாங்கத் தொடங்கினார்கள். மூட்டை வியாபாரம் செய்தவர்களில் சிலர் பாலத்தைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மட்டும், கல்யாண வீட்டுக்குத் தேவையான துணி முழுவதையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டித் தெரிவு செய்ய வைத்தார். கடையில் கிடைக்காத ஒன்று அவரிடம் இருந்தது. எந்தக் குடும்பத்துக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். பாலம் அவருக்கும் பாதையாகத்தான் ஆனது.

செய்யக்கூடிய நாலு காரியம்

பெரிய முதல் தேவைப்படாத சில வழிகளை என் அனுபவத்தில் எழுதுகிறேன்.

ஒன்று, ஓடரில் பத்தில் ஒரு பங்கைப் புதிதுக்கு ஒதுக்குங்கள். நூறு துண்டில் பத்து. ஓடாவிட்டாலும் கடை கவிழாது.

இரண்டு, அந்தப் பத்துக்கு முழுக்காசும் முன்பணமாகக் கொடுங்கள். பாவு ஓட்டும் நாட்களுக்கும் கூலி போடுங்கள். ‘ஓடினால் தருகிறேன்’ என்று சொல்லாதீர்கள்.

மூன்று, கல்லாப்பெட்டியின் பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். வாடிக்கையாளர் கேட்டு நாங்கள் ‘இல்லை’ என்று சொன்னதை அதில் எழுதுங்கள். என் கடையில் மூன்று மாதம் எழுதிப் பார்த்தேன். வயதானவர்களுக்குப் பாரமில்லாத சாரன், பள்ளிக்குப் போகும் சிறுவர்களுக்கு அளவான சாரன், பெண்களுக்குக் கைத்தறிச் சால்வை. இவை மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. இருபத்தைந்து வருடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் காது இல்லை.

நாலு, வீட்டில் படித்த பிள்ளைகளின் பேச்சைக் கேளுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் பேச்சை. என் மகள் வட்ஸ்அப்பில் போட்ட ஒரு சால்வைப் படத்துக்குக் கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் விலை கேட்டார்கள். ஐம்பது வருடத் துணிக்கடைக்காரன் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினால், அவள் சிரிக்கிறாள்.

இந்த முறை காக்காவிடம் பழைய துண்டு தொண்ணூறுக்கும், புதிதாகப் பத்துக்கும் ஓடர் கொடுத்துவிட்டு வந்தேன். பத்துக்கும் காசு முன்னாலேயே. கலரை நான் சொல்லவில்லை. “உங்கட விருப்பத்துக்குப் போடுங்க காக்கா” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு போனை எடுத்துக் கட்டாரில் இருக்கும் மகனை அழைத்து, “மகன், நீ அண்டைக்குச் சொன்ன அந்தப் பச்சை என்ன பச்சை?” என்று கேட்டார்.

பெருநாளுக்கு முன் சரக்கு வரும், இன்ஷா அல்லாஹ். ஓடுமா என்று எனக்குத் தெரியாது. ஓடாவிட்டால் நட்டம் என்னுடையது. இருபது வருடமாக அந்த நட்டத்தை அவர் ஒருவரே சுமந்தார்.